சபரியின் அறையில் மாட்டிய போஸ்டர்

அந்தப் போஸ்டரைப் பார்த்த அன்று மயில்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. மகன் சபரிக்கு அப்போது பதினான்கு வயது. இரண்டாம் உலகப் போரைப் பற்றிய பள்ளி ப்ராஜெக்டுக்காக, பக்கத்து ஊரான பிளசன்டனில் யாரோ வீட்டைக் காலி செய்து பழைய சாமான்களை விற்றபோது வாங்கி வந்திருந்தான். 'போர்ப் பத்திரம் வாங்குங்கள்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. பத்திரம் என்றதும் நம் கோயம்புத்தூர்க்காரர் குளிர்ந்துபோனார். இந்த வயதிலேயே சேமிப்பில் புத்தி போகிறதே! கண்ணாடிச் சட்டம் போட்டு, தானே ஆணியடித்து மாட்டினார். வருகிறவர்களையெல்லாம் மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டினார்.

எழுத்துக்கு மேலே துப்பாக்கியோடு நின்ற இளைஞனை அவர் கவனிக்கவில்லை. சபரி தினமும் பார்த்தது அவனைத்தான்.

பதினெட்டு வயதில், குடியேறிய நாட்டின் ராணுவத்தில் சேர்ந்தான். கையெழுத்துப் போட்ட பிறகே சொன்னான். அம்மா வசந்தாமணி மூன்று நாள் சாப்பிடவில்லை. மயில்சாமிக்கு அழுகையைவிட வெட்கம்தான் முந்தியது. நம்மவர்களில் எவன் பிள்ளை பட்டாளத்துக்குப் போனான்? முகாம் டெக்சாஸில் இருந்தது வசதியாகப் போயிற்று. "டெக்சாஸ்ல காலேஜுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். ஏழு மாதத்துக்கு முன் சபரியைக் கடல் தாண்டிச் சண்டைக்கு அனுப்பினார்கள். கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்தபோதுகூட, "பரிட்சை வருதுங்க" என்று குருக்களிடமே கூசாமல் பொய் சொன்னார் மனிதர்.

இந்தச் சனிக்கிழமை பழைய ஆபீஸ் நண்பர் அனந்தராமன் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சபரி போன் செய்து ஒன்பது நாளாகியிருந்தது.

"சபரி இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்ணிட்டானா, மயில்?"

"பண்ணியிருக்கானுங்க. பதில் வரோணும்."

வசந்தாமணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அழைப்பு மணி அடித்தது. சாப்பிட்டுக் கைகழுவியிருந்த அனந்தராமன் போய்க் கதவைத் திறந்தார். சீருடையில் இரண்டு பேர், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். ராணுவ வீரர் சபரி மயில்சாமியின் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அனந்தராமன் சிரித்தேவிட்டார். ராணுவமா? அந்தப் பையன் டெக்சாஸில் கல்லூரியில் படிக்கிறான், நீங்கள் வேறு யாரையோ தேடி வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். வந்தவர்களில் இளையவன் குழம்பிப்போய்க் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். வாசலிலிருந்த வீட்டு எண்ணையும் பார்த்தான்.

சோற்றுக் கையோடு பின்னால் நின்ற மயில்சாமிக்குத் தெரியும், சண்டையில் பிள்ளை செத்தால்தான் இப்படி இருவர் வீடு தேடி வருவார்கள். நம்பிவிடுங்கடா, சாமி. திரும்பிப் போய்விடுங்கள். இத்தனை நாள் சொன்ன பொய் இந்த ஒரு தடவை பலிக்கட்டும்.

"நீயே சொல்லேன்பா, மயில்" என்று அனந்தராமன் திரும்பினார்.

சமையலறையிலிருந்து வந்த வசந்தாமணிதான் மயில்சாமியை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காலேஜெல்லாம் இல்லீங்கண்ணா. அவங்க கேக்கறது எம்பட பையனைத்தான். உள்ள வரச் சொல்லுங்க."