சுற்றாத கோழிச் சக்கரம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பாகூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கல்பனா டீச்சர். அவர் மடியில் ஒரு பை நிறைய கோழிப் படம் போட்ட அட்டைச் சக்கரங்கள். எட்டிப் பார்த்தேன், எழுதுகிறவனுக்கு ஏது வெட்கம்? குருவிநத்தத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோழியின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்துகிறாராம். இரண்டு அட்டை வட்டங்கள், மேல் வட்டத்தில் ஒரு ஜன்னல், நடுவில் ஊசி. கீழ் வட்டத்தைத் திருப்பினால் ஜன்னலில் முட்டை, குஞ்சு, சேவல் அல்லது கோழி, மறுபடி முட்டை என்று வரும். எல்லாச் சக்கரமும் சுற்றியது. ஒன்று மட்டும் சுற்றவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏரிக்கரையில் அந்திச் சூரியன் மெல்ல…’ வேண்டாம். சூரியன் மறைந்தால் கோழிகள் கூண்டுக்குள் போய்விடும், அப்புறம் நான் யாரை வைத்துக் கதை எழுதுவது?

சுற்றாத சக்கரம் தேவியுடையது. ஜன்னலில் செக்கச்செவேலென்ற கொண்டையோடு ஒரு சேவல். இரண்டு வட்டங்களையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். பசை தவறிக் கொட்டிவிட்டது என்றுதான் டீச்சர் நினைத்தார்.

“இன்னாடி இது, சுத்தவே மாட்டேங்குது?”

“சுத்துனா முட்டை வந்துடும் மிஸ். அப்பால சேவல் எங்க போவும்?”

3

(இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும். கொட்டாவி வந்தால் விட்டுக்கொள்ளுங்கள்.)

போன வருஷம் தேவிக்கு டெங்கு. மகள் பிழைத்து எழுந்தால் அடுத்த ஆடியில் சேவல் அறுப்பதாக முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு, அம்மா விஜயராணி ஒரு குஞ்சை நேர்ந்துவிட்டார். தேவி எழுந்தாள். எழுந்தவள் அந்தக் குஞ்சுக்குத்தான் தினமும் நொய் போட்டாள். இப்போது அது சேவல். ஆடி பிறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது.

எனக்கு இந்தப் பெண்மேல் சந்தேகம். எட்டு வயதில் இவ்வளவு தெளிவா? பசை நிஜமாகவே கொட்டியிருக்கும், பிறகு சமாளித்திருப்பாள். டீச்சரிடம் சொன்னேன். “அவகிட்ட ஒரு தடவ பேசிப் பாருங்க சார்” என்று சிரித்தார்.

4

முடிவு அ: சேவல் வயல் தாண்டித் தப்பி ஓடுகிறது. போனில் டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன்.

“சாயங்காலம் அதுவே வூட்டுக்கு வந்துடும் சார். கோழி வளத்ததே இல்லியா நீங்க?”

முடிவு ஆ: வேறு சேவல் வாங்கி அறுக்கிறார்கள்.

“நேந்து வுட்டத மாத்துவாங்களா? நாளைக்குப் பொண்ணுக்கு எதுனா ஆச்சின்னா நீங்களா பொறுப்பு?”

அந்த முடிவை அடித்தேன். விஜயராணியை வில்லியாக்கும் திட்டத்தையும் அத்தோடு கைவிட்டேன். அந்த அம்மா மகளுக்காகப் பயந்தவர், அவ்வளவுதான்.

முடிவு இ: குழம்பு. இலையின் முன்னால் தேவி உட்கார்ந்து…

இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. (நான் நாட்டுக்கோழி விரும்பிச் சாப்பிடுகிறவன். வாசகர் இதை மன்னிக்க வேண்டாம், விருந்துக்குக் கூப்பிட்டால் போதும்.)

5

டீச்சர் ஒருநாள் போனைத் தேவியிடம் கொடுத்தார்.

“சார், எங்க சேவல கதையா எழுதுறீங்களாமே?”

“ஆமாம்மா. கடைசியில என்ன ஆகணும்? காப்பாத்திடலாமா?”

“அம்மா வேண்டிக்கினாங்களே சார். சாமி கோச்சிக்கும்.”

“அப்போ அறுத்துடலாமா?”

“அய்யோ!”

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள்.

“ஆடி மாசமே வராத மாரி எழுதுங்க சார்.”

என் முடிவுகள் எல்லாம் அசடு வழிந்தன. சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஆகவே வாசகரே, இந்தக் கதையில் இன்று ஆனி மாதக் கடைசி நாள். சேவல் குப்பையைக் கிளறுகிறது. விஜயராணி அதற்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறார். தேவி பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. இதற்கு மேல் ஒரு வரிகூட எழுத மாட்டேன். காலண்டர் உங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது, தாளைக் கிழிக்கப் போவதும் நீங்கள்தான்.