ஒருக்களித்து

“முட்டிய நல்லா அழுத்துங்கப்பா. அழுத்தினா தானா நேராயிடும்,” என்றார் பொன்னுதுரை.

குளிப்பாட்டிப் புதுச்சேலை உடுத்திய அஞ்சலையைச் சவப்பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். கிடக்கத்தான் மாட்டேன் என்றது உடம்பு. முழங்காலைக் கீழே தள்ளினால் தலையும் தோளும் மேலே எழுந்தன. தலையைத் தாழ்த்தினால் முழங்கால் எழுந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் காத்திருந்தான். இன்னொருவன் தன் உள்ளங்கையை அவள் முழங்கால் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்தான்.

மளுக்கென்று ஒரு சத்தம். பலகையா, எலும்பா, தெரியவில்லை.

“கைய எடுங்க,” என்றாள் மல்லிகா.

அவன் திரும்பிப் பொன்னுதுரையைப் பார்த்தான்.

“அவர ஏன் பாக்கறீங்க? எங்கம்மா மேல இருந்து கைய எடுங்க!”

அவன் எடுத்தான். கூடத்தில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள் மட்டும், “வேணாம்மா, பெரியப்பா முன்னாடி இப்படியெல்லாம் பேசக்கூடாது,” என்று அவள் தோளைத் தொட்டாள். மல்லிகா தோளை உதறினாள்.

பெரியப்பா. அப்பாவின் அண்ணன். காஜா பேராங் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட கொட்டகையில் மெத்தை விரிப்புத் தைக்கும் தொழில் அவருடையது. இரண்டு துணிகளுக்கு நடுவே இலவம்பஞ்சைப் பரப்பி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்ட வேண்டும். சட்டம் தரையிலிருந்து ஒரு முழ உயரம். ஏழு பெண்கள் சுற்றிலும் சம்மணமிட்டு உட்கார்ந்து, நடுத்துணியை எட்டுவதற்காக வயிறு மடிய வளைந்து தைப்பார்கள். அஞ்சலை பதினேழு வருடம் அப்படித் தைத்தாள். மல்லிகா அவளுக்கு எதிர்ப்புறம் ஐந்து வருடமாகத் தைக்கிறாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் வேலை முடிந்து எல்லோரும் எழுந்தபோது அஞ்சலையால் எழ முடியவில்லை. தவழ்ந்து சுவர்வரை போய், சுவரைப் பிடித்துக்கொண்டும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், தமிழ்ப்பெண், நிற்க வைத்து முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “குனியாதீங்க. வேலைய உங்க முழங்கை உயரத்துக்குக் கொண்டு வாங்க. நின்னுக்கிட்டுச் செய்ங்க.”

அதை அஞ்சலை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். புக்கிட் ரம்பாயில் இருந்த தச்சரிடம் போய், பழைய கட்டிலின் கால்கள் நான்கைத் தன் சட்டத்துக்குப் பொருத்திக்கொண்டு வந்தாள். நின்றபடி தைத்தாள். ஒரு காலைச் செங்கல் மேல் வைத்துக்கொள்வாள்; அது அலுத்தால் மறு கால். ஒரு வரி முடிந்ததும் சுவரில் முதுகை ஒட்டி நின்று, பத்து எண்ணிவிட்டு வருவாள். மூன்று மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது. மற்றவர்களைவிட வாரத்துக்கு இரண்டு விரிப்பு அதிகமாகத் தைத்தாள். வேலை நேரத்தில் பாட்டுக்கூடப் பாடினாள். அவள் பாடுவாள் என்பதே மல்லிகாவுக்கு அதுவரை தெரியாது.

அதன்பிறகு, கூடத் தைக்கும் ஜெயா தனக்கும் அப்படி ஒரு சட்டம் கேட்டாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள்.

பொன்னுதுரை ரம்பத்தோடு வந்தார். “ஒருத்திக்கு விட்டா எல்லாத்துக்கும் ஆசை வரும். நான் உள்ள வர்றப்ப நிமிந்து நின்னுகிட்டு இருக்கிறது என்ன பழக்கம்?” என்றபடி நான்கு கால்களையும் அறுத்தார். அறுக்கும்போது சட்டம் ஆடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தது அப்பா, மருதமுத்து.

அந்தக் கைகளைத்தான் மல்லிகா இப்போது பார்த்தாள். சுவரோரம் நின்றிருந்த அப்பாவின் இடுப்பில் ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடந்தன.

இந்த மாதம் மெர்டேக்கா வேலை. கிளேபாங் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதி, அந்தச் சுதந்திர நாளுக்குள் நாற்பது விரிப்புக் கேட்டிருந்தது. அஞ்சலை தரையில் உட்கார்ந்து, வளைந்து, காய்ச்சலோடு தைத்தாள். நெஞ்சில் சளி கட்டியபோது மல்லாந்து படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இன்று காலை, ஆள் ஓடிப்போய் வாடகைக்காரைக் கூட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவர் பொன்னுதுரைதான். வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அது பொய் அழுகை இல்லை. மல்லிகாவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

“அம்மா நேரா படுத்து ரெண்டு வருஷம் ஆச்சு,” என்றாள். “ஒருக்களிச்சுத்தான் தூங்கும். அப்படியே வைங்க. மூடி மூடும்.”

“செத்தவங்கள யாராச்சும் ஒருக்களிச்சு வைப்பாங்களாம்மா? முகம் மேல பாத்துத்தான் இருக்கணும். நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?”

“பெரியப்பா, அது நின்னாலும் ஒங்களுக்கு ஆகல. இப்ப படுத்தாலும் ஆகலயா?”

பொன்னுதுரையின் முகம் கறுத்தது. “மருதமுத்து! ஒம்மவள அடக்கு.”

எல்லோரும் மருதமுத்துவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லாத மனிதர். ஊரே அதை ஒரு பெருமையாகப் பேசும். மல்லிகா காத்திருந்தாள். ‘அடக்கிப் பாருங்க’ என்று அவளுடைய தாடை இறுகியிருந்தது.

அவர் சுவரைவிட்டு வந்தார். பெட்டியின் பக்கம் முழங்காலிட்டார். மனைவியின் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து, மெதுவாக இடப்பக்கம் திருப்பினார்.

“டேய், என்னடா பண்ற?” என்றார் பொன்னுதுரை.

“இருங்கண்ணே,” என்றார் மருதமுத்து. அவ்வளவுதான்.

“அந்தப் பக்கம் இல்ல,” என்றாள் மல்லிகா. “வலது பக்கம். இடது பக்கம் படுத்தா அதுக்குக் கால் இழுக்கும்.”

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். இருபத்துநாலு வருடம் அஞ்சலையின் பக்கத்தில் படுத்தவர். மல்லிகா பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர்தான் தாழ்த்தினார். மறுபடி தூக்கி, வலது பக்கமாகத் திருப்பினார். அஞ்சலையின் முழங்கால்கள் தாமாக மடங்கி, தலை பலகையில் படிந்தது. கன்னத்துக்கடியில் வைக்க ஜெயா தன் முந்தானையைக் கிழிக்கப் போனாள். சாரதாம்பாள் ஓடிப்போய் ஒரு துண்டை மடித்துக் கொண்டு வந்தாள்.

மூடி சத்தமில்லாமல் மூடியது.

ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். சாலை முழுக்கக் கயிறு கட்டி, புதுக் கொடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். முன்னால் போனவர் ஒரு கம்பால் கயிற்றை உயர்த்திப் பிடிக்க, பெட்டி அடியில் நுழைந்து போயிற்று. பொன்னுதுரை கிளம்பும்போது கொட்டகைப் பெண்களிடம் தணிந்த குரலில், “நாளன்னிக்கு வந்துருங்க. இன்னும் பதினொண்ணு பாக்கி இருக்கு,” என்றார். ஜெயா தரையில் சிதறியிருந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டிக்குப் பின்னால் நடந்தார்.

மல்லிகா வீட்டைக் கழுவினாள். யாரையும் கை வைக்க விடவில்லை. துடைப்பத்தால் தரையை அடித்தே தேய்த்தாள். ஈர்க்குச்சிகள் உடைந்து தெறித்தன. தண்ணீர் வாசல்படியில் இறங்கி, சாக்கடைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை.

பொழுது சாயும்போது மருதமுத்து தனியாகத் திரும்பி வந்தார். ஈரத்தலை. வேட்டியில் சாம்பல். சுடுகாட்டிலிருந்து வருபவருக்கு வீட்டிலிருப்பவர் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் படி ஏறலாம். அவர் படிக்குக் கீழே நின்றுகொண்டார்.

“மல்லிகா,” என்றார்.

அவள் வாளியை நிறைத்து எடுத்து வந்தாள். படியின் மேல் வைத்தாள். குவளையை அதன் பக்கத்தில் வைத்தாள். அவர் காலை ஒன்றுசேர்த்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

கதவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நின்றாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. எங்கோ ஒரு வானொலியில் மலாய்ப் பாட்டு ஓடி முடிந்தது. வெகுநேரம் கழித்து, தகரக் குவளை வாளியின் விளிம்பில் இடிபடுவதும், ஒருவர் தன் காலில் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் கேட்டது.