சூடம் காட்டாத ஹெலிகாப்டர்

விசிறி முழுதாய் நின்ற பிறகு, எண்ணெய் லாரிக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவே முதலில் எர்த் ஒயரை மாட்டினேன். அது இல்லாமல் குழாயைத் தொடவே கூடாது. குழாய்க்குள் எண்ணெய் ஓடினாலே மின்சாரம் சேரும், ஒரு பொறி தெறித்தால் கதை முடிந்தது. துணைக்கு ஆளில்லாமல் நான் செய்யும் முதல் வேலை இது. அதுவும் சொந்த ஊர்ப் பக்கம், கள்ளக்குறிச்சி மைதானத்தில். மணலூர்பேட்டைச் சொந்தக்காரர்கள் பாதிப் பேர், யாரும் கிட்டே வராமலிருக்கக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று, பச்சமுத்து மகள் ஷாலினி பிளேனுக்கு எண்ணெய் ஊற்றுவதைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டேன்.

மழையில் கல்வராயன் மலைப் பாதை சரிந்திருந்தது. மேலே மகேஸ்வரி என்ற பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மேகம் மறுபடி இறங்குவதற்குள் டாக்டரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர வேண்டும்.

கையிலிருக்கும் பிடியை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் எண்ணெய் ஓடும். பாதிகூட ஏறவில்லை, காசியம்மாள் கயிற்றுக்குள் நுழைந்து வந்துவிட்டாள். மகேஸ்வரியின் அம்மா. சந்தைக்கு இறங்கி வந்தவள் கீழேயே மாட்டிக்கொண்டிருந்தாள். கையில் தட்டு, எலுமிச்சம்பழம், சூடம், தீப்பெட்டி. எங்கள் பக்கம் புது பைக்கானாலும் ஜேசிபியானாலும் சூடம் காட்டாமல் நகராது. என் ஸ்கூட்டிக்கும் காட்டினோம். அவள் குச்சியை எடுத்தாள். பிடியை விட்டேன், எண்ணெய் நின்றது. ஓடிப்போய்க் குச்சியோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உடும்மா. சூடம் காட்டாத வண்டி மலை ஏறுமா? எம்பொண்ணு மேல கெடக்குது" என்றாள்.

"காட்டுங்க பெரியம்மா, நான் வேணான்னா சொன்னேன்? இப்ப ஒரசினா உங்க பொண்ணுகிட்ட போறதுக்கு வண்டியே இருக்காது. கெளம்பட்டும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தீப்பெட்டியைக் காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டு, சக்கரத்துக்கடியில் வைக்கச் சொல்லி எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டினாள். விசிறிக் காற்று தூக்கி அடிக்கும், அங்கே ஒரு துரும்பும் கிடக்கக் கூடாது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவளைக் கயிற்றுக்கு வெளியே அனுப்பிவிட்டு மிச்சத்தை நிரப்பினேன். மூடியைத் திருகி, இன்னொரு தடவையும் திருகிப் பார்த்தேன். குழாயைச் சுருட்டி, ஒயரைக் கடைசியாகக் கழற்றி, லாரியை மைதானத்தின் கோடிக்கு அனுப்பினேன். டாக்டரோடு ஹெலிகாப்டர் எழும்பியது.

வெகுநேரம் கழித்துப் போலீஸ்காரரின் வயர்லெஸ் கரகரத்தது. பெண் குழந்தை. தாயையும் பிள்ளையையும் ஏற்றியாகிவிட்டது. மைதானமே விசிலடித்தது. நான் எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதேன்.

காசியம்மாள் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சூடத்தை ஏற்றியவள் வானத்தைப் பார்க்காமல் நேரே என்னை நோக்கி வந்தாள்.

"அங்கியே நில்லுங்க பெரியம்மா. எம்மேல பூரா எண்ணெய்."

நின்றாள். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்தே தட்டை எனக்குச் சுற்றினாள். பையில் எலுமிச்சம்பழம் முட்ட, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமி மாதிரி அசையாமல் நின்றேன். மலைப் பக்கமிருந்து விசிறிச் சத்தம் கேட்டது.