வெறிநாய் இல்லாத மாவட்டம்

விழாப் பந்தலில் கட்டியிருந்த பேனரில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பூஜ்யம். ‘ஓராண்டாக வெறிநாய்க்கடி நோய்: 0’. அதைப் பார்க்கப் பார்க்கக் கால்நடை அலுவலர் மட்டிண்டேக்கு வயிறு எரிந்தது. அவள் கையில் ஒரு ஐஸ் பெட்டி. அதற்குள் ஒரு நாயின் தலை.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். நோயை உறுதி செய்ய, செத்த நாயின் தலை பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். தலையோடு ஒரு கடிதம் போக வேண்டும். கடிதத்தில் வெறிநாய்க்கடி ஒழிப்புக் கூட்டுக்குழுவின் ஒருங்கிணைப்பாளர் வைதாரா கையெழுத்துப் போட வேண்டும். ஓராண்டாக அவர் ஒன்றில்கூடப் போடவில்லை. தலை போகவில்லை, அதனால் நோயும் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பது பழைய கதை. எங்கள் மாரா வட்டாரத்தில் அந்தப் பூனைக்கு விருதும் கொடுக்கிறார்கள்.

கூட்டுக்குழு ஒற்றுமையாக வேலை செய்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. கால்நடைத் துறை சுகாதாரத் துறையைக் கைகாட்டும், சுகாதாரத் துறை வனத்துறையைக் கைகாட்டும். மதியம் எல்லோரும் ஒரே மேசையில் சுட்ட ஆட்டிறைச்சி சாப்பிடுவார்கள்.

நோயே இல்லாத மாவட்டத்துக்கு மருந்து எதற்கு? ஆஸ்பத்திரியில் கடிக்குப் போடும் ஊசி ஒன்றுகூட இல்லை. பெட்டிக்குள் இருந்த அதே நாயிடம் முந்தாநாள் கடிபட்ட எட்டு வயது நியாங்கி, காலில் கட்டோடு அம்மா பக்கத்தில் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மாவட்டத்தில் ஊசி இருந்தது. ‘வெறிநாய் என்று சந்தேகம்’ என்று எழுதி வைதாரா கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள்.

மட்டிண்டே இரண்டு கடிதங்களையும் நீட்டினாள்.

“இன்னைக்கா மட்டிண்டே? தலைநகர்லேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்க” என்றார் வைதாரா. “பெட்டியில என்ன, சோடாவா?”

“நாய்த்தலை, ஐயா.”

“மூடு, மூடு! திங்கக்கிழமை குழுவுல வச்சுப் பேசுவோம்.”

“அதுவரைக்கும் குழந்தைக்குத் தாங்காதுங்க. நோய் தெரிய ஆரம்பிச்சுட்டா அப்புறம் மருந்தே கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?”

“அது சும்மா கோவக்கார நாயா இருக்கும்.”

“ஆட்டைக் கடிச்சுதுங்க, மரத்தைக் கடிச்சுதுங்க, வாயெல்லாம் நுரை” என்றாள் நியாங்கியின் அம்மா.

“மரமா வந்து புகார் குடுத்துது?” என்று கேட்டார் வைதாரா. குழு மொத்தமும் சிரித்தது. பெட்டியை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று மட்டிண்டேக்குக் கை துறுதுறுத்தது.

விழாவையொட்டிப் பள்ளி மைதானத்தில் தடுப்பூசிக்கு நாய்கள் வந்திருந்தன. கயிற்றில் சில, பழைய சைக்கிள் செயினில் சில. வைதாரா ஊசி போடுவதுபோல் படம் வேண்டும் என்றான் தலைநகர்ப் புகைப்படக்காரன்.

“நாயை நான் பிடிச்சுக்கிறேன்” என்றாள் மட்டிண்டே.

“வேணாம்மா, தலைவரே பிடிச்சாத்தான் படம் எடுப்பா இருக்கும்” என்றான் அவன்.

பன்னிரண்டு வருடமாக நாயையே தொடாத மனிதர். ஊசியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தார். கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே குத்தினார். நாயும் தன் பல்லைக் காட்டியது. மணிக்கட்டில் இரண்டு ஓட்டை.

“ஊசி! பெலிஸ்டா, ஊசி கொண்டா!”

நர்ஸ் பெலிஸ்டா அசையவில்லை. “இருந்தாத்தானே ஐயா. நாலு தடவை எழுதிக் கேட்டேன். நோயில்லாத ஊருக்கு எதுக்குன்னு நீங்கதான் திருப்பி அனுப்புனீங்க.”

மட்டிண்டே சோப்புப் போட்டு அவர் கையைக் கால் மணி நேரம் கழுவினாள். “பயப்படாதீங்க ஐயா. சும்மா கோவக்கார நாயா இருக்கும்.”

“கிண்டலா? அந்த லெட்டர் எங்க?”

ஐஸ் பெட்டி மூடிமேல் வைத்து, படித்துக்கூடப் பார்க்காமல் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். குழுவும் திங்கட்கிழமையும் போன இடம் தெரியவில்லை. கடிபட்டவர்கள் என்ற இடத்தில் ‘ஒன்று’ என்பதை அடித்து ‘இரண்டு’ என்று எழுதினாள் மட்டிண்டே.

பக்கத்து மாவட்டத்துக்குப் போக வைதாரா ஜீப்பில் ஏறியதும் பின்னாலேயே நியாங்கியையும் அம்மாவையும் ஏற்றினாள்.

“ஏய், இது என் வண்டி.”

“லெட்டர்ல ரெண்டு பேர் ஐயா. ஒருத்தர் குறைஞ்சாலும் அங்க ஊசி குடுக்க மாட்டாங்க.”

அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த நிமிடம்தான் மட்டிண்டே அதை உண்டாக்கினாள். பெட்டியோடு அவளும் ஏறிக்கொண்டாள்.

ஊர் தாண்டியதும் நியாங்கி முன்னால் எட்டிப் பார்த்தாள். “உங்களையும் நாய் கடிச்சுதா?”

அவர் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.

“வெறிநாயா?”

“இருக்கலாம்.”

“பயமா இருக்கா?”

வைதாரா ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. மட்டிண்டேக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை.

“வேகமா ஓட்டுப்பா” என்றாள் டிரைவரிடம். “குழந்தைக்கு ஏற்கனவே ரெண்டு நாள் போயிடுச்சு.”