கூடத்துக்கு வந்த விளையாட்டுக் கணினி

தாரணிக்கும் அனிதாவுக்கும் நாலு வருஷ நட்பு. பூன் லே வட்டாரத்தில் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்திருந்தார்கள். தாரணி ஜூரோங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு பார்த்தாள். அனிதாவுக்குச் சிராங்கூன் சாலையில் புடவைக் கடை வேலை. விடுமுறை நாளில் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிவந்து குழம்பு வைத்துவிட்டு, தாரணியின் லேப்டாப்பில் படம் பார்ப்பார்கள். அனிதா தன் ஆள் என்று தாரணி யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, ரோஷினி வரும்வரை.

மூன்றாவது அறைக்கு வந்த ரோஷினி இதே நகரின் தோ பாயோவில் பிறந்து வளர்ந்தவள். வேலை மேற்குப் பக்கம் என்பதால் இங்கே வந்தாள். அவளிடம் லேப்டாப் கிடையாது. நடுவில் திரையும் இரண்டு பக்கமும் பொத்தான்களுமாக ஒரு கறுப்பு விளையாட்டுக் கருவிதான் இருந்தது.

"இதான் என் கம்ப்யூட்டர் அக்கா. உள்ள ஓடறது லினக்ஸ் சிஸ்டம். கேம் வேணாம்னா டெஸ்க்டாப்புக்கு மாத்திடலாம், ஈசி லா."

"பிள்ளைங்க விளையாடுற சாமானத்துல ஆபீஸ் வேலையா?" என்று தாரணி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ரோஷினி அதைக் கூடத்து டிவியில் இணைத்து, விசைப்பலகையும் மாட்டி அலுவலக அறிக்கை எழுதினாள். வேலை முடிந்தால் உருவி எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்து படம் பார்த்தாள். சமையலறையில் உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்து மீன் குழம்பு வீடியோ ஓடவிட்டாள். அதைவிட, அனிதாவையும் உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அனிதா சிரிக்கும்போதெல்லாம் தாரணிக்கு வயிறு எரிந்தது. தேக்காவில் "எந்த மீன் வாங்கலாம்?" என்று அனிதா ரோஷினியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டபோது, தாரணி காய்கறிக் கடைப் பக்கம் நகர்ந்து, வேண்டாத முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு என் ரூம்ல படம் பாப்போமாடி?" என்று ஒருநாள் அனிதாவிடம் கேட்டாள்.

"கூடத்துலயே பாக்கலாம்டி, பெரிய திரையாச்சே. நீயும் வா," என்றாள் அனிதா.

நீயும் வா! விருந்தாளியை அழைப்பதுபோல. தாரணி போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மற்ற இருவரும் கறிபாப் பலகாரம் வாங்கக் கீழே போயிருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்த தாரணி டிவியைப் பார்த்தாள். கருவி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. பாதியில் அணைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை; அடியில் மெதுவாக நகரும் நீலக் கோடு. தாரணி கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கருவியின் மின்பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை இருண்டது. உள்ளே ஏதோ குளிர்ந்தது.

அவர்கள் திரும்பிவந்ததும் ரோஷினி புருவத்தைச் சுருக்கினாள். "ஐயோ, ஆஃப் ஆயிருக்கு."

அனிதாவின் முகம் வெளுத்தது. "என் வீடியோ? அது இருக்குமா?"

"இருங்கக்கா."

பொத்தானைத் தட்டியதும் கருவி கொஞ்சம் யோசித்துவிட்டு, எதுவுமே நடக்காததுபோல எழுந்துவந்தது. "அப்டேட் பாதில நின்னா பழைய சிஸ்டத்துக்கே போயிடும். உங்க ஃபைல் எல்லாம் பத்திரம் லா."

இதற்குச் சாவே இல்லையா என்று தாரணிக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குள் திரையில் அனிதா தோன்றினாள். பொம்மைக் காக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டிக் குழந்தைகளுக்குக் கதை சொன்னாள். பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை வேலைக்கு அனுப்பவேண்டிய வீடியோ. வாரக்கணக்கில் அவளே வெட்டி ஒட்டியது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? என் லேப்டாப்ல செஞ்சிருக்கலாமே?"

அனிதா கறிபாப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "அதத் தொட்டா கை கழுவினியான்னு கேப்ப. பக்கத்துலயே நின்னு, அத அமுக்காத, இத அமுக்காதம்ப. இவகிட்ட தப்பு பண்ணாலும் பயமில்லடி."

தாரணி டிவி பக்கம் கையைக் காட்டினாள். "நான்தான் அணைச்சேன்," என்றாள்.

ரோஷினி கருவியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அனிதா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த வேலை அனிதாவுக்குக் கிடைத்தது. பள்ளி தோ பாயோவில் என்பதால் அங்கேயே அறை பார்த்துக்கொண்டாள். அதுவரை தாரணியிடம் அளந்துதான் பேசினாள். போகும் நாளில் பெட்டியைத் தாரணிதான் லிஃப்ட்வரை தூக்கிவந்தாள். "சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்புடுடி" என்று அனிதா அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர். அடுத்த சனிக்கிழமை ரோஷினி கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "படம் போடறேன், வாங்கக்கா. நீங்களே செலக்ட் பண்ணுங்க."

தாரணி தயங்கித் தயங்கி வந்து கருவியை வாங்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. எதை அமுக்குவது என்று தெரியாமல் விழித்தாள். ரோஷினி குறுக்கிடாமல் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் அடித்தது, ரோஷினியின் போன். "அனிதா அக்கா!" என்றாள் அவள். தாரணிக்குப் பழைய எரிச்சல் தொண்டைவரை ஏறியது. இந்தமுறை அதை விழுங்கவில்லை. போனை வாங்கிக் கேட்டேவிட்டாள்.

"அவளுக்கு மட்டும்தான் கூப்பிடுவியா? எனக்கு ஏன்டி கூப்பிடல?"

"உனக்குத்தான்டி மூணு தடவ அடிச்சேன். சைலண்ட்ல போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்ச?" என்று அந்தப் பக்கம் கத்தினாள் அனிதா.