சத்தம் நின்ற காலை

என் மகள் சிநேகா மூச்சு விட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கர்ர் கர்ர் என்று, தண்ணீர் வராத குழாய் மாதிரி. பிறந்து மூன்று மாதம்தான். பால் குடிக்கும்போது இன்னும் மோசம். திருப்போரூர் டாக்டர் சளி என்று கொடுத்த மருந்தெல்லாம் வீண். செங்கல்பட்டில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று காலைதான் போக வேண்டும்.

நெம்மேலியில் எங்களோடு இருக்கும் என் நாத்தனார் மார்கரெட்டுக்கு ஸ்கேன்மேல் நம்பிக்கை இல்லை.

"உரம் வுழுந்துகீது பிரிசில்லா, கழுத்துல சுளுக்கு. பொடவைல போட்டு உருட்டுனா சரியாப்பூடும். இதுக்குப் போயி இன்னாத்துக்கு ஸ்கேனு?"

"கொழந்தையத் தொடாதீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனேன். தொடாதே என்றால் தொடுவதுதான் அவர் குணம்.

தலையில் தண்ணீர் ஊற்றும்போது கவனித்தேன். கர்ர் சத்தம் கேட்கவில்லை.

ஈர நைட்டியோடு ஓடினேன். மார்கரெட்டும் என் கணவர் ஆல்வினும் புடவையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சிநேகா, மோவாய் மார்பில் பதிய மடங்கிக் கிடந்தாள்.

"பாத்தியா, சத்தமே இல்ல" என்று சிரித்தார் மார்கரெட்.

குழந்தையின் உதடு நீலமாக இருந்தது.

பிடுங்கி, முழங்கையில் ஒருக்களித்துப் போட்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்தேன். அப்படிப் போட்டால்தான் அவளுக்கு மூச்சு லேசாக வரும். வரவில்லை. முதுகைத் தேய்த்தேன். அப்போதும் வரவில்லை. "கத்துடி, என் தாயே" என்று நான்தான் கத்தினேன். பிறகு, கர்ர். அந்தப் பாழாய்ப்போன சத்தத்துக்கு அன்று கும்பிடு போட்டேன்.

செங்கல்பட்டில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் படம் வரைந்து காட்டினார். "இடது நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய் வழி மாறி, மூச்சுக்குழாய்க்குப் பின்னாடி வளைஞ்சு அதை நெருக்குது. கருவுலயே வந்த கோளாறு. ஆபரேஷன்தான் பண்ணணும்."

கழுத்து மடங்கினால் மூச்சுக்கு இன்னும் கஷ்டம் என்றார். கூட வந்திருந்த மார்கரெட் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இல்லை.

சென்னையில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தோம். நாளாக ஆகச் சத்தம் தேய்ந்து, ஒரு மதியம் அடியோடு நின்றுபோனது. தொட்டிலுக்கு ஓடிக் குனிந்து பார்த்தேன். மார்பு ஏறி இறங்குவது தெரிந்தும் என் கண்ணை நான் நம்பவில்லை. அவள் தொடையில் கிள்ளிவிட்டேன்.

சிநேகா வீறிட்டாள். அந்தக் காலைக்குப் பிறகு அவளைத் தொடாதிருந்த மார்கரெட் ஓடிவந்து அள்ளிக்கொண்டார்.

"தூங்கினுகீற புள்ளய ஏன்டி கிள்ற?"

"சத்தம் கேக்கல அண்ணி."

அவர் முகம் வெளுத்தது. அழுகை அடங்கும்வரை தட்டிக்கொடுத்தார். பிறகு, கழுத்து மடங்காமல் தலையைத் தாங்கி, குழந்தையின் மூக்கருகே காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"வருதுடி" என்றார். "சத்தமில்லாமயே வருது."