விலையில்லாப் படிகள்

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை, நைல் கரையிலுள்ள எங்கள் நகரத்தின் வடபகுதியில் நூற்றுப்பதினான்கு கட்டடங்களில் மாடிப்படிகள் இல்லாமற்போயின. அன்று தக்காளி கிலோ ஏழு பவுண்டு. சுவர்கள் இருந்தன, கைப்பிடிக் கம்பிகள் இருந்தன, வாசல் விளக்குகளும் எரிந்தன. ஏறுவதற்கான படிகளை மட்டும் காணவில்லை. மேல்மாடிக்காரர்கள் ரொட்டி வாங்க வழக்கம்போல் பலகணியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கினார்கள். அலுவலகம் போகவேண்டியவர்கள் போகவில்லை.

படிகள் எங்கே என்று தேடவேண்டியிருக்கவில்லை. குப்பை எடுப்போர் வாழும் மேட்டுக் குடியிருப்பில், உம்மு ரிஸ்க்கின் முற்றத்தில், பளிங்கு தனியே, சிமெண்டு தனியே, இரும்பு தனியே எனப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. வெயிலுக்கு இதமாகப் பன்றிகள் பளிங்கின்மேல் படுத்திருந்தன. ஒரே இரவில் எப்படி எடுத்தார் என்று எவரும் கேட்கவில்லை. குப்பையை எப்படி எடுத்தார் என்றும் முப்பத்தொரு ஆண்டுகளாக எவரும் கேட்டதில்லை.

அந்த முப்பத்தொரு ஆண்டுகளும் உம்மு ரிஸ்க்கும் அவர் கணவர் கத்தாஸும் முதுகில் நார்க்கூடை சுமந்து, அதே கட்டடங்களில் வாசல் வாசலாக ஏறிக் குப்பையை இறக்கி, காகிதமும் புட்டியும் தகரமும் பிரித்து விற்றுப் பிழைத்தார்கள். ஆறாண்டுகளுக்கு முன் நர்கீஸ் தெருக் கட்டடமொன்றில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, கத்தாஸ் நிறைகூடையோடு ஒரு படியில் உட்கார்ந்தார், பிறகு எழவில்லை. இளைப்பாறுகிறார் என்றெண்ணிப் பன்னிரண்டு பேர் அவரைத் தாண்டிச் சென்றார்கள். வாயிற்காவலர் பின்னர் எண்ணிச் சொன்ன கணக்கு அது.

ஆகவே, மறுபயன்பாட்டுக் குப்பைக்கு நகர அலுவலகம் முதன்முறையாக ஒப்பந்தம் பேச அழைத்தபோது, மேட்டுக் குடியிருப்பின் சார்பில் போன உம்மு ரிஸ்க் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: எடைக்கு விலை இருக்கட்டும், ஏறும் மாடிக்கும் விலை வேண்டும், வீட்டுக்கு மாதம் மாடி ஒன்றுக்கு ஒரு பவுண்டு. விலைப்பிரிவு அதிகாரி ஷௌகத் பதினோரு அமர்வுகளிலும் தலையை ஆட்டி மறுத்தார்.

"அஞ்சாவது மாடிக் குப்பையும் கீழ்வீட்டுக் குப்பையும் தராசுல ஒண்ணுதானேம்மா உம்மு ரிஸ்க்?"

"தராசுக்கு முழங்கால் இல்லியே, பாஷா."

பாஷா என்ற மரியாதையோடு வந்த அந்தப் பதிலுக்கு அறையிலிருந்த எழுத்தர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் ஷௌகத்தைக் கெடுத்தது. அவர் ஓர் எழுத்தரின் பேனாவைப் பிடுங்கி, விலைப்பட்டியலின் கடைசி வரியில் தம் கையாலேயே "மாடிப்படி: விலை இல்லை" என்று எழுதி முத்திரை குத்தினார். உம்மு ரிஸ்க்குக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருமுறை கேட்டதை மறக்கமாட்டார். ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் விதியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பட்டியலில் விலை பெறாத எதுவும் கழிவாகும். கழிவைச் சேகரிப்பவர் தம் செலவில் அகற்றிக்கொள்ளலாம். நல்லது என்று சொல்லிக் கட்டைவிரலை மையில் அழுத்தினார்.

திருட்டு என்று எழுதிக்கொள்ள வந்த காவலர்கள் அந்த விதியைப் படித்துவிட்டு, உம்மு ரிஸ்க் கொடுத்த தேநீரைக் குடித்துத் திரும்பிப்போனார்கள். நகர அலுவலகப் பொறியாளர் வந்து, படிகள் இருந்த இடத்து வெறுமையை அளந்து குறித்துக்கொண்டார். எட்டு நாள் கழிந்தது. ஒன்பதாம் நாள், மறுபேச்சுவார்த்தைக்கு அழைக்க வேண்டிய ஷௌகத் தம் வீட்டிலிருந்து இறங்கமுடியாத நிலையில் இருந்ததால், உம்மு ரிஸ்க்கே அவரிடம் போனார். ஷௌகத் குடியிருந்தது நர்கீஸ் தெருவில், அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடி.

பேச்சுவார்த்தை ரொட்டிக் கூடையில் நடந்தது. ஷௌகத் கால் பவுண்டு என்றெழுதி இறக்கினார். வாயிற்காவலர் வாசித்துச் சொல்ல, உம்மு ரிஸ்க் அதன்மேல் கோடு கிழித்து மேலே அனுப்பினார். அரை பவுண்டு இறங்கியது, கோட்டோடு ஏறியது. தெரு முழுவதும் பலகணிகளில் நின்றது.

நான்காம் மாடிப் பெண்மணி மேலே ஷௌகத்தைப் பார்த்துக் கத்தினார்: "எழுதித் தொலைங்களேன், உஸ்தாஸ்! என் மருமகளுக்கு இது மாசம். புள்ளையையும் கூடையிலயா இறக்கறது?"

"முக்கால்!" என்றார் ஷௌகத். "இதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல, உம்மு ரிஸ்க்!"

"விலை இல்லைன்னு எழுத மட்டும் அதிகாரம் இருந்துச்சா?" உம்மு ரிஸ்க்கின் குரல் ஐந்து மாடியும் ஏறிற்று. "எங்க வீட்டுக்காரரு இந்தப் படியிலதான் செத்தாரு, பாஷா. பன்னெண்டு பேரு தாண்டிப் போனீங்க. நீங்க எத்தனாவது ஆளு?"

மேலிருந்து கூடை இறங்கியது. அதில் ஒரு பவுண்டு என்று எழுதி, எழுத்திலும் எண்ணிலும் இருமுறை உறுதிசெய்து, கையெழுத்திட்டிருந்தது.

மறுநாள் விடியும்போது படிகள் இருந்தன. நூற்றுப்பதினான்கு கட்டடங்களிலும் மேடு பள்ளமின்றிப் பொருந்தியிருந்தன. ஏழைகளின் சந்தொன்றில் மட்டும் ஏழெட்டுப் பளிங்குப்படிகள் கூடுதலாகக் கிடைத்ததாகப் பேச்சு. மாடிக்கு ஒரு பவுண்டு இன்றுவரை மாதந்தோறும் வருகிறது. நர்கீஸ் தெருக் கட்டடத்தில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, ஒரு படி திரும்பவில்லை. அதை உம்மு ரிஸ்க் வைத்துக்கொண்டார். அதன்மேல் அமர்ந்துதான் புட்டிகளைப் பிரிக்கிறார். அதற்கு மட்டும் விலை பேச ஷௌகத் ஒருமுறை ஆளனுப்பினார். போனவர் வாசலோடு திரும்பினார். ஷௌகத் நாள்தோறும் இருமுறை, கையில் காய்கறிப் பையோடு, அந்த இடைவெளியைத் தாண்டுகிறார். புதிதாகக் குடிவருவோரிடம் வாயிற்காவலர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்: "நாலாவது மாடி தாண்டினதும் ஒருத்தரு உட்கார்ந்திருக்காரு, பார்த்துப் போங்க." அவர்களும் அந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, காலை எட்டிவைத்து ஏறிப்போகிறார்கள்.